குழுக்களை இணைப்போம், குரலை இழக்க வேண்டாம்

ஒரு சிக்கல் எழுகிறது. நாளிதழ்களில் செய்தி வருகிறது. சட்டமன்றத்தில் ஒருவர் கேள்வி எழுப்புகிறார். உடனே ஓர் அறிவிப்பு வெளிவருகிறது: "இதனை ஆராயச் சிறப்புக் குழு ஒன்று அமைக்கப்படும்." குழுவின் தலைவருக்கு மாலை போடுகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம், நன்றி தெரிவித்து அறிக்கை விடுகிறோம். ஓராண்டு கழித்து அந்தக் குழு எத்தனை முறை கூடியது, என்ன சொன்னது, சொன்னதை அரசு ஏற்றதா என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருப்பதில்லை. இதற்கிடையில் வேறொரு சிக்கல் எழுந்துவிடுகிறது. வேறொரு குழுவும் பிறந்துவிடுகிறது.

இப்படிப் பெருகிய குழுக்களைப் பார்த்து அலுத்துப்போன பலர், "இத்தனை வாரியங்கள் எதற்கு? எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிடலாமே" என்கிறார்கள். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்பது நம் பழமொழி. ஐந்து குழுக்களை நம்பி அலைகிற பள்ளிக்கு ஒரு குழுவும் உதவாமல் போவதை நாமும் பார்க்கிறோம். ஆகவே இணைப்பு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், எண்ணிக்கையைக் குறைப்பது மட்டும் சீர்திருத்தம் ஆகாது. ஐந்து ஊமைக் குழுக்களைச் சேர்த்தால் ஒரு பெரிய ஊமைக் குழுதான் கிடைக்கும். ஆலோசனை சொல்பவருக்கு அரசு எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும் என்ற கடமையைச் சட்டமாக்கிய பிறகே மாநில அரசுகள் தம் ஆலோசனைக் குழுக்களை இணைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஏன் இத்தனை குழுக்கள்?

இதற்கு அரசியல்வாதிகளை மட்டும் குறை சொல்வது எளிது. காரணத்தின் ஒரு பாதி நம் அரசமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. அதன் ஒன்பதாவது அட்டவணை, அதிகாரங்களை மூன்று பட்டியல்களாகப் பிரிக்கிறது. கல்வி மத்திய அரசின் பட்டியலில் உள்ளது. நிலமும் ஊராட்சியும் மாநிலப் பட்டியலில் உள்ளன. சமூகநலம் இரண்டுக்கும் பொதுவான பட்டியலில் உள்ளது.

இதன் விளைவைத் தமிழ்ப்பள்ளியைப் போல வேறு எதுவும் தெளிவாகக் காட்டாது. தோட்டத்து நிலத்தில் இருக்கும் ஒரு பள்ளியை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நிலம் தோட்ட நிறுவனத்துக்குச் சொந்தமானது. மாற்று நிலம் தருவது மாநில அரசின் கையில் இருக்கிறது. பள்ளியின் பதிவும் ஆசிரியர் நியமனமும் கல்வி அமைச்சின் பொறுப்பு. கட்டட வரைபடத்துக்கு நகராண்மைக் கழகம் ஒப்புதல் தர வேண்டும். நிலம் அரசுக்குச் சொந்தமில்லை என்றால் அது பகுதி உதவி பெறும் பள்ளி. அதற்கு மேலாளர் வாரியத்தின் தலையெழுத்தும் சேர்ந்துகொள்ளும். இவை தவிரப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒன்று இருக்கிறது. நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல, 150-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட சிறிய பள்ளிகள். மக்கள் தோட்டத்தை விட்டு நகரத்துக் குடியிருப்புகளுக்குப் போய்விட்டனர்; பள்ளி தோட்டத்திலேயே நின்றுவிட்டது. எந்தப் புதிய குடியிருப்புப் பகுதியில் தமிழ்ப்பள்ளிக்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்று மாநில அரசுக்கு முன்கூட்டியே எடுத்துச் சொல்ல ஓர் ஆலோசனைக் குழு தேவைதான். அந்தத் தேவையை யாரும் மறுக்க முடியாது.

காரணத்தின் மறுபாதி அரசியல். 2008-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலுக்குப் பிறகு சிலாங்கூர், பினாங்கு போன்ற மாநிலங்களில் ஒரு கட்சியும் புத்ராஜெயாவில் இன்னொரு கட்சியும் ஆட்சியில் இருந்தன. மாநில அரசு நியமித்த கிராம மேம்பாட்டுக் குழு ஒரு பக்கம். மத்திய அரசு நியமித்த கிராம மேம்பாட்டுக் குழு மறுபக்கம். ஒரே கிராமத்துக்கு இரண்டு குழுக்கள்! சாலையில் பள்ளம் விழுந்தால் யாரிடம் சொல்வது என்று கிராமத்து மக்கள் முதலில் கட்சியைப் பார்க்க வேண்டியிருந்தது. 2018-இல் ஆட்சி மாறியது. 2020-இல் ஜொகூர், மலாக்கா, பேராக், கெடா ஆகிய மாநிலங்களில் மீண்டும் மாறியது. ஆட்சி மாறும்போதெல்லாம் நியமனங்களும் மாறுகின்றன. நியமனம் பெற்றவர் தம் பணியைக் கற்றுக்கொள்வதற்குள் பதவி போய்விடுகிறது.

என் மாமா ஒருவர் ஒரு சிறிய தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளராக இருந்தார். சிற்றுண்டிச் சாலையின் கூரை ஒழுகியது. அவர் ஐந்து இடங்களுக்குக் கடிதம் எழுதினார். இரண்டு இடங்களிலிருந்து, "இது எங்கள் பொறுப்பு அல்ல, மற்றவரைக் கேளுங்கள்" என்று பதில் வந்தது. அந்த மற்றவர் யாரென்றால், மாமா ஏற்கெனவே எழுதிய மூன்றாவது இடம்தான்! மாமாவின் கோப்பு தடித்துக்கொண்டே போனது. கூரை ஒழுகிக்கொண்டே இருந்தது. இதில் கெட்ட மனம் படைத்தவர் என்று யாரையும் சுட்ட முடியாது. பொறுப்பு ஐந்து கூறாகிவிட்டால் யாருக்கும் பொறுப்பு இல்லை என்று ஆகிவிடுகிறது. அவ்வளவுதான்.

மூன்று வேலைகள், மூன்று வகைகள்

இணைப்பதற்கு முன் பிரித்தறியத் தெரிய வேண்டும். "வாரியம்", "ஆணையம்", "சிறப்புக் குழு" என்று பெயர்கள் பலவாக இருந்தாலும் அவை செய்யும் வேலை மூன்றே மூன்றுதான்.

ஒன்று, ஆலோசனை சொல்வது. இரண்டு, மானியத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது. மூன்று, பிறர் நம்பி ஒப்படைத்த சொத்தை நிர்வகிப்பது. பினாங்கு இந்து அறப்பணி வாரியம் மூன்றாவது வகையைச் சேர்ந்தது. கோயில் நிலங்களையும் அறக்கட்டளைச் சொத்துகளையும் சட்டப்படி காப்பது அதன் கடமை. பினாங்கு மாநில அரசு தமிழ்ப்பள்ளிகளுக்கென அமைத்த சிறப்புக் குழு அப்படிப்பட்டதன்று. அது மாநில ஒதுக்கீட்டைப் பள்ளிகளிடம் கொண்டு சேர்ப்பதற்காக ஏற்பட்டது. சிலாங்கூரில் மாநில அரசு நியமிக்கும் இந்திய சமூகத் தலைவர்கள், தத்தம் வட்டாரத்து மக்களின் தேவைகளை அரசிடம் எடுத்துச் செல்பவர்கள். மூவரும் "இந்தியர்களுக்காக" இருப்பவர்கள் என்பதற்காக மூவரையும் ஒரே பையில் போட்டுக் கட்டினால் நன்மை விளையாது. ஆலோசனை சொல்பவரே பணத்தையும் பங்கிட்டு, அந்தப் பணம் நன்றாகச் செலவானதா என்று தாமே மதிப்பெண்ணும் போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மத்திய அரசின்கீழ் நடந்த ஒன்றை இங்கே பாடமாக எடுத்துக்கொள்ளலாம். 2014-ஆம் ஆண்டு பிரதமர் துறையின்கீழ் செடிக் அமைக்கப்பட்டது. 2018 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு அது மித்ரா எனப்படும் மலேசிய இந்தியர் உருமாற்றப் பிரிவு ஆனது. 2020-இல் தேசிய ஒற்றுமை அமைச்சுக்குப் போனது. 2022-ஆம் ஆண்டு இறுதியில் அமைந்த அரசு அதனை மீண்டும் பிரதமர் துறைக்குக் கொண்டுவந்தது. 2023 டிசம்பரில் மறுபடியும் ஒற்றுமை அமைச்சுக்குப் போகும் என்று அறிவிக்கப்பட்டது. 2024-இல் மீண்டும் பிரதமர் துறையிலேயே அமர்ந்தது. ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் ஒதுக்கீடு பெறும் ஓர் அமைப்பின் கதை இது. இவை யாவும் "சீரமைப்பு" என்ற பெயரில் நடந்தவை. மாறியது பெரும்பாலும் முகவரியும் பெயர்ப்பலகையும்தான். யார் ஆலோசனை சொல்கிறார், யார் முடிவெடுக்கிறார், முடிவுக்கு யார் பதில் சொல்வார் என்ற மூன்று கேள்விகளும் இடமாற்றத்தால் தீரவில்லை. மாநில அரசுகள் தம் குழுக்களைச் சீரமைக்கும்போது இந்த வழியில் போகக்கூடாது.

வரலாறு சொல்லும் பாடம்

வாரியங்களை இணைப்பதும் பிரிப்பதும் நமக்குப் புதியவை அல்ல. 1905-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஆட்சி, நீரிணைக் குடியேற்றப் பகுதிகளில் முஸ்லிம்களின் அறச்சொத்துகளையும் இந்துக்களின் அறச்சொத்துகளையும் ஒரே சட்டத்தின்கீழ், ஒரே வாரியத்தின் பொறுப்பில் வைத்தது. இரண்டும் "உள்ளூர்ச் சமயச் சொத்து" என்பது அதிகாரிகளின் கணக்கு. நிர்வாகத்துக்கு அது வசதியாக இருந்தது. ஆனால் இரு சமயத்தாரின் சட்டமும் வழக்கமும் வேறு வேறு. சிங்கப்பூரில் 1968-ஆம் ஆண்டில் முஸ்லிம்களுக்குத் தனி மன்றம் அமைந்தது. அதே ஆண்டு இந்து அறக்கட்டளைச் சட்டமும் நிறைவேறி, இந்துக்களுக்குத் தனி வாரியம் பிறக்க வழி ஏற்பட்டது. அதிகாரியின் வசதிக்காக இணைத்தது நிலைக்கவில்லை. வேலையின் தன்மையை ஒட்டிப் பிரித்தது நிலைத்தது.

ஆலோசனை வாரியம் என்ற ஏற்பாடு எப்படி வந்தது என்பதும் சிந்திக்கத்தக்கது. 1915-இல் சிங்கப்பூரில் சிப்பாய்க் கலகம் நடந்தது. அதன்பின் அரசு முகம்மதிய ஆலோசனை வாரியத்தை அமைத்தது. இந்துக்களுக்கும் அதே காலக்கட்டத்தில் ஓர் ஆலோசனை வாரியம் ஏற்பட்டது. மக்கள் மனத்தில் என்ன ஓடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள ஆட்சியாளர் வைத்துக்கொண்ட காது அது. காது இருந்தது, கேட்டதற்குப் பதில் சொல்ல வாய் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நம் ஆலோசனைக் குழுக்கள் பல அந்த அமைப்பிலேயே இருக்கின்றன.

இதைவிட நம் மனத்தைத் தைக்கும் ஒரு வரலாறு உண்டு. தோட்டத் தொழிலாளர்களைத் தமிழகத்திலிருந்து கொண்டுவருவதற்காக 1907-இல் ஒரு நிதி தொடங்கப்பட்டது. தோட்ட முதலாளிகள் தாம் வேலைக்கு வைத்த தொழிலாளரின் கணக்குப்படி அதற்குப் பணம் கட்டினார்கள். அதனை நிர்வகித்த இந்தியக் குடிநுழைவுக் குழுவில் அதிகாரிகளும் முதலாளிகளுமே பெரும்பான்மை. யாருக்காக நிதியோ அவர்கள் மேசையில் இல்லை. விடுதலைக்குப் பின், 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அது தென்னிந்தியத் தொழிலாளர் நிதி ஆனது. தொழிலாளர்களின் நலனும் அவர்தம் பிள்ளைகளின் நலனும் அதன் நோக்கமாயின. 1999-இல் அந்த நிதியமே கலைக்கப்பட்டது. சொத்து அரசிடம் சேர்ந்தது. தோட்டங்களில் வேர்வை சிந்தியவர்களின் பெயரால் ஏறக்குறைய 90 ஆண்டுகள் இருந்த ஒன்று இப்படி முடிந்தது.

இன்று "வாரியங்களைக் கலைத்து இணைப்போம்" என்று சொல்கிறவர்களிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதிலிருந்துதான் பிறக்கிறது. கலைக்கப்படும் அமைப்பின் பணம் எங்கே போகும்? அதன் கோப்புகள் யாரிடம் இருக்கும்? அது எடுத்துக்கொண்ட கடமையை இனி யார் சுமப்பார்? இம்மூன்றுக்கும் கலைக்கும் சட்டத்திலேயே விடை எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அமெரிக்க மாநிலங்களின் பட்டறிவு

மாநில அரசுகள் வாரியங்களைக் குறைக்க முயன்ற கதைகள் அமெரிக்காவில் நிறைய உண்டு. அவற்றுள் இரண்டு நமக்குப் பயன்படும்.

முதலாவது, "சூரிய அத்தமனச் சட்டம்" என்று அங்கே வழங்கும் ஏற்பாடு. 1976-இல் கொலராடோ மாநிலம் அதனை முதலில் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே டெக்சஸ் பின்பற்றியது. டெக்சஸ் மாநிலத்தில் ஓர் அமைப்பைத் தொடங்கும்போதே அது முடியும் நாளையும் எழுதிவிடுகிறார்கள். பொதுவாக 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓர் ஆய்வுக் குழு அதன் பணியைப் பரிசீலிக்கும். பொதுமக்களின் கருத்தைக் கேட்கும். சட்டமன்றம் மீண்டும் ஒப்புதல் தந்தால் அந்த அமைப்பு தொடரும். தராவிட்டால் தானாகவே மறையும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நம்மிடம் ஒரு குழுவைக் கலைக்க வேண்டுமானால் அதற்கு ஒருவர் முன்வந்து பழியை ஏற்க வேண்டும். அதனால் வேலை முடிந்த குழுவும் கலைக்கப்படாமல் கிடக்கிறது. அங்கேயோ தொடர வேண்டும் என்பவர்தான் காரணம் காட்ட வேண்டும்.

இரண்டாவது, கலிபோர்னியாவில் நடந்தது. நடிகராக இருந்து ஆளுநரான அர்னால்டு சுவார்ட்ஸ்நெகர், 2005 ஜனவரியில் 88 வாரியங்களையும் ஆணையங்களையும் ஒரே வீச்சில் ஒழிக்கத் திட்டம் கொடுத்தார். அடுத்த மாதமே அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஏன்? அங்கே மாநில வாரியங்கள் பொதுமக்கள் முன்னிலையில்தான் கூட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வாரியத்தை ஒழித்து அதன் வேலையை ஒரு துறை அதிகாரியிடம் கொடுத்தால் அந்தத் திறந்த கூட்டம் இல்லாமல் போய்விடும் என்று பலரும் எதிர்த்தார்கள். மேலும், தொழில் உரிமம் வழங்கும் வாரியங்கள் பல, தம் உரிமக் கட்டணத்திலேயே நடப்பவை. அவற்றை மூடுவதால் அரசின் பொதுக் கருவூலத்துக்குப் பெரிய மிச்சம் இல்லை. சிக்கனம் என்று சொல்லித் தொடங்கிய வேலை, வெளிப்படைத்தன்மை என்ற கேள்வியில் முட்டி நின்றது.

பூட்டிய அறையில் சொல்லப்படும் ஆலோசனை

கலிபோர்னிய மக்கள் இழக்க அஞ்சிய அந்தத் திறந்த கூட்டம் நமக்கு முதலிலிருந்தே இல்லை. மாணவர்களாகிய நாம் அதிகம் கவனிக்காத ஒரு செய்தி இங்கே இருக்கிறது.

1972-ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின் அட்டவணை, எந்தெந்த ஆவணங்கள் இரகசியம் என்று பட்டியலிடுகிறது. அமைச்சரவை ஆவணங்களோடு மாநில ஆட்சிக்குழுவின் ஆவணங்களும் அதில் அடங்கும். ஆட்சிக்குழுவின் துணைக் குழுக்களில் நடக்கும் விவாதங்களும் எடுக்கப்படும் முடிவுகளும்கூட அதில் அடங்கும். இதன் பொருள் என்ன? ஓர் ஆலோசனைக் குழுவை ஆட்சிக்குழுவின் துணைக் குழுவாக அமைத்தால், நம் பள்ளியைப் பற்றி, நம் கோயில் நிலத்தைப் பற்றி அங்கே என்ன பேசப்பட்டது என்பதை நாம் கேட்கவே முடியாத நிலை ஏற்படலாம். அதே குழுவைச் சட்டமன்றம் இயற்றும் சட்டத்தின்கீழ் தனி அமைப்பாக நிறுவி, கூட்டக் குறிப்பை வெளியிட வேண்டும் என்றும் அதே சட்டத்தில் எழுதினால் நிலைமை வேறு. ஆகவே, இணைக்கப்பட்ட புதிய வாரியத்தை எந்த இடத்தில் உட்கார வைக்கிறோம் என்பது, அதில் யார் உட்காருகிறார் என்பதைவிட முக்கியம்.

பினாங்கும் சிலாங்கூரும் தகவல் சுதந்திரச் சட்டங்களை நிறைவேற்றின. மாநிலத் துறைகளிடம் தகவல் கேட்க அவை வழி செய்கின்றன. ஆனால் இரகசியம் என்று முத்திரை விழுந்த ஆவணத்தின் முன் மாநிலச் சட்டம் நின்றுவிடும். எனவே குழு பிறக்கும்போதே அந்த முத்திரை விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தம்மை இடித்துரைக்கத் தக்கவர் இல்லாத அரசன் பகைவரே இல்லாவிட்டாலும் கெடுவான் என்ற கருத்தை வள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். இடித்துரைக்க ஆள் வைத்தால் மட்டும் போதுமா? இடித்துரைத்தது ஊருக்குத் தெரிய வேண்டாமா?

என்ன செய்யலாம்?

மாநில அரசுகள் தம் குழுக்களைச் சீரமைக்க முன்வருமானால் ஐந்து செயல்களை வேண்டுகிறேன்.

முதலாவதாக, பெயரைப் பார்த்து இணைக்காமல் வேலையைப் பார்த்து இணைக்க வேண்டும். ஆலோசனைக் குழுக்களை ஆலோசனைக் குழுக்களோடு சேர்க்கலாம். மானியம் வழங்கும் குழுக்களை ஒரே விண்ணப்பப் பாரம், ஒரே முகப்பு என்று ஒன்றாக்கலாம். அறச்சொத்துகளைக் காக்கும் வாரியத்தைத் தனியே விட்டுவிட வேண்டும்.

இரண்டாவதாக, இணைந்த வாரியம் ஆட்சிக்குழுவின் ஒரு முடிவால் பிறக்காமல் சட்டமன்றத்தின் சட்டத்தால் பிறக்க வேண்டும். ஆட்சிக்குழு முடிவால் பிறந்தது, அடுத்த ஆட்சிக்குழுவின் முடிவால் மறைந்துவிடும்.

மூன்றாவதாக, வாரியம் எழுத்தில் தரும் ஒவ்வோர் ஆலோசனைக்கும் 90 நாள்களுக்குள் அரசு எழுத்தில் பதில் தர வேண்டும். ஏற்கலாம், மறுக்கலாம், காலம் கேட்கலாம். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஆலோசனையும் பதிலும் சேர்ந்த ஆண்டறிக்கை சட்டமன்றத்தில் தாக்கல் செய்யப்பட வேண்டும். ஐந்திலும் இதுவே உயிர்நாடி.

நான்காவதாக, உறுப்பினர்களின் தவணை ஒரே நாளில் முடியக்கூடாது. ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கினர் மாற வேண்டும். அப்போதுதான் ஆட்சி மாறினாலும் பழையதை அறிந்தவர் மேசையில் இருப்பார். தலைமையாசிரியர், பள்ளி மேலாளர் வாரியத்தினர், நிலச் சட்டம் அறிந்தவர், தோட்டப்புறத்தைச் சேர்ந்தவர், இளைஞர் ஆகியோருக்கு இடம் ஒதுக்கப்பட வேண்டும். சட்டமன்ற உறுப்பினர்களுக்குச் சட்டமன்றம் இருக்கிறது. இந்த நாற்காலியும் அவர்களுக்குத் தேவையில்லை.

ஐந்தாவதாக, வாரியம் தொடங்கும்போதே அதன் முடிவு நாளும் எழுதப்பட வேண்டும். இரண்டு சட்டமன்றத் தவணைகள், அதாவது ஏறக்குறைய 10 ஆண்டுகள் என்று வைக்கலாம். தொடர வேண்டுமானால் பொது விசாரணை நடத்திச் சட்டமன்றம் ஒப்புதல் தரட்டும். கலைந்தால் சொத்தும் கோப்பும் எங்கே போகும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கட்டும்.

எதிர்வாதங்கள்

"எல்லாவற்றையும் ஒன்றாக்கினால் சிறியவர்களின் குரல் அமுங்கிவிடாதா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெரிய வாரியத்தில் தமிழ்ப்பள்ளி என்பது நிகழ்ச்சி நிரலின் கடைசி அங்கமாகி, நேரம் போதவில்லை என்று அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்படலாம். அதனால்தான் வாரியத்துக்குள் கல்விக்கும் நிலத்துக்கும் ஒரு நிலையான துணைக் குழு வேண்டும். அந்தத் துணைக் குழு நேரடியாக ஆலோசனை அனுப்பவும் பதில் பெறவும் உரிமை பெற வேண்டும். குரல் என்பது எத்தனை நாற்காலி என்பதில் இல்லை. கேட்டால் பதில் வருமா என்பதில் இருக்கிறது.

"பதில் சொல்லும் கடமையைச் சட்டத்தில் எழுதினால் அரசு குழுவே அமைக்காது" என்று வேறு சிலர் சொல்வார்கள். இருக்கலாம். பதில் சொல்ல விரும்பாத அரசு குழு அமைக்காமல் இருப்பதே நல்லது. நாம் அந்த அறைக்கு வெளியே நின்று மகஜர் கொடுப்போம். உள்ளே உட்கார்ந்து தலையாட்டுவதைவிட அது மேல்.

"அரசுக்கு ஆலோசனை சொல்ல மக்கள் பிரதிநிதிகள் இருக்கிறார்களே" என்பது மூன்றாவது வாதம். ஆனால் ஊராட்சியில் நிலைமை என்ன? நகராண்மைக் கழக உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி மாநில அரசே அவர்களை நியமிக்கிறது. நம் வீட்டுக்கு மிக அருகில் இருக்கும் அதிகாரத்தில் நம் வாக்குக்கு இடம் இல்லாதபோது, ஆலோசனை வாரியம் ஒன்றாவது ஒழுங்காக இருப்பது இன்னும் அவசியமாகிறது.

நமக்கு என்ன வேலை?

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, பின்னர்த் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போய், இன்று பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் நம்மில் பலர். அரசாங்கக் கடிதத்தின் மலாய் நமக்குப் புரியும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தின் தமிழும் நமக்குப் புரியும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் நம் சமூகத்தின் விண்ணப்பங்கள் பல காணாமல் போகின்றன. அந்த இடத்தில் நிற்கும் தகுதி நமக்கு உண்டு.

சட்டம் பயிலும் நண்பர்கள், மேலே சொன்ன வாரியச் சட்டத்துக்கு ஒரு மாதிரி வரைவு எழுதலாம். புள்ளியியல் பயில்பவர்கள், தத்தம் மாவட்டத்தில் மக்கள் எங்கே குடியேறுகிறார்கள், பள்ளி எங்கே இருக்கிறது என்று கணக்கெடுத்து இறுதியாண்டு ஆய்வாக அளிக்கலாம். சிலாங்கூர், பினாங்கு மாணவர்கள் தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் ஒரு விண்ணப்பம் போட்டுப் பார்க்கலாம்: கடந்த ஓராண்டில் இந்தியர் தொடர்பான மாநிலக் குழுக்கள் எத்தனை முறை கூடின? எத்தனை பரிந்துரைகள் அளித்தன? கிடைக்கும் பதிலை நம் மொழிக் கழகமே வெளியிடலாம். பதில் மறுக்கப்பட்டால் அந்த மறுப்பையும் வெளியிடலாம். முன்னாள் மாணவர்களில் வழக்கறிஞர்களும் பொறியாளர்களும் நில அளவையாளர்களும் இருக்கிறார்கள். விருந்து மேசைக்கு அழைக்கும்போது வருகின்ற அவர்களை, ஊர்ப் பள்ளியின் மேலாளர் வாரிய மேசைக்கும் நாம் அழைக்க வேண்டும்.

அடுத்த முறை ஒரு புதிய குழு அறிவிக்கப்படும்போது, பழைய குழுக்கள் ஒன்றாக இணைக்கப்படும்போது, மாலை வாங்க ஓடும் முன் நான்கு கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். இது எந்தச் சட்டத்தின்கீழ் வருகிறது? யாருக்கு ஆலோசனை சொல்கிறது? பதில் எத்தனை நாளில் வரும்? அந்தப் பதிலை நாங்கள் எங்கே படிக்கலாம்? இந்த நான்குக்கும் விடை இருந்தால் ஒரே ஒரு குழு போதும். விடை இல்லை என்றால் நாற்பது குழுக்கள் இருந்தும் பயன் இல்லை.